மூளைக்காய்ச்சலுக்குப் பிந்தைய மூன்று மாதங்கள்

மூளைக்காய்ச்சலில் பிழைத்து வீடு திரும்பியவர், சில வாரங்களில் திடீரென்று தூங்க மறுக்கிறார். ஓயாமல் பேசுகிறார். சோறு போடும் தாயையே சந்தேகப்படுகிறார். அடுத்த சில நாளில் பேச்சு நின்றுபோகிறது. வாய் எதையோ மெல்வதுபோல அசைந்துகொண்டே இருக்கிறது, முகம் கோணுகிறது, விரல்கள் காற்றில் எதையோ பிடிக்கின்றன. பார்க்க வரும் உறவுக்காரர் ஒருவர் "காத்து கருப்பு அண்டியிருக்கு" என்கிறார். இன்னொருவர் மனநோய் என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் தவறாக இருக்கலாம். அது மூளையில் புதிதாக ஏற்பட்ட அழற்சியாக இருக்கலாம். உரிய நேரத்தில் ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் கட்டுப்படக்கூடிய அழற்சி அது.

உதட்டோரம் கொப்புளம் வரவைக்கிற ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ், அரிதாக மூளைக்குள் புகுந்துவிடும். சிகிச்சை இல்லையென்றால் பத்தில் ஏழு பேர் இறந்துபோவார்கள். அசைக்ளோவிர் மருந்தை 14 முதல் 21 நாள் வரை நரம்பு வழியே ஏற்றிக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் வைரஸ் மூளைச் செல்களைச் சிதைத்த வேகத்தில், உள்ளே மறைந்திருந்த புரதங்கள் வெளிப்பட்டு, உடலின் எதிர்ப்பாற்றல் அவற்றை எதிரியென்று எடுத்துக்கொள்வதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். அப்படித் தாக்கப்படுபவற்றில் முதன்மையானது என்.எம்.டி.ஏ. ஏற்பி. நினைவு, நடத்தை, உடல் அசைவு மூன்றும் அதை நம்பி இருக்கின்றன.

இந்த ஏற்பியைத் தாக்கும் நோயை ஜோசப் டால்மாவ் குழுவினர் 2007இல் அடையாளம் கண்டபோது, சினைப்பைக் கட்டி இருந்த இளம்பெண்களிடம்தான் கண்டார்கள். வைரஸோடு உள்ள தொடர்பு பிறகு தெரியவந்தது. 2018இல் வெளியான ஸ்பெயின் ஆய்வில், ஹெர்பீஸ் மூளைக்காய்ச்சல் வந்த 51 பேரில் 14 பேருக்கு எதிர்ப்பாற்றலின் இந்த இரண்டாம் தாக்குதல் வந்தது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள். நான்கில் ஒருவருக்கு மேல் வருகிற ஒன்றைப் பற்றி டிஸ்சார்ஜ் ஆகும்போது குடும்பத்திடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1955இல் நம் வேலூரில் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குப் பிறகும் இதே தாக்குதல் வந்ததாகப் பதிவுகள் உண்டு. குழந்தைகளிடம் இது வேறு முகம் காட்டும்: கை கால்கள் கட்டுப்பாடின்றி நெளியும், கற்ற பேச்சு மறந்துபோகும்.

எம்.ஆர்.ஐ. நார்மல் என்று வந்ததும் குடும்பம் நிம்மதி அடைந்துவிடுகிறது. என்.எம்.டி.ஏ. வகை நோயில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஸ்கேன் நார்மலாகவே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஹெர்பீஸ் வந்து போனவருக்கோ, பழைய தழும்பு மட்டும் தெரிந்து புதிய நோய் மறைந்துகொள்ளும். முடிவு சொல்வது முதுகிலிருந்து எடுக்கும் தண்டுவட நீர். "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்" என்று பயந்து கையெழுத்துப் போட மறுக்கிறோம். ஊசி குத்துவது தண்டுவடம் முடிந்துபோன இடத்துக்குக் கீழே. ஓரிரு நாள் தலைவலி வரலாம், அவ்வளவுதான் பெரும்பாலானோருக்கு. அந்த நீரில் வைரஸ் மறுபடி வந்திருக்கிறதா, ஏற்பியைத் தாக்கும் எதிர்பொருள் இருக்கிறதா என்று இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் மட்டும் பார்த்தால் சிலருக்கு நோய் தப்பிவிடும்.

வைரஸோ வேறு கிருமியோ இருக்கிறதா என்ற முதல் கேள்விக்கு விடை கிடைக்காமல் ஸ்டீராய்டு தொடங்குவது ஆபத்து. காசநோய் மூளையுறை அழற்சி நம் ஊரில் அபூர்வமல்ல. அதற்குரிய மருந்தில்லாமல் ஸ்டீராய்டு மட்டும் போனால் கிருமி தலைதூக்கும். கிருமி இல்லையென்று தெரிந்துவிட்டால், எதிர்பொருள் அறிக்கைக்காக நாள்கணக்கில் காத்திருக்கக் கூடாது. மீதைல்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 1 கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் வழக்கம். போதாவிட்டால் இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம், ரிட்டுக்சிமாப் என்று அடுத்தடுத்த வழிகள் இருக்கின்றன. ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறும், தூக்கம் கெடும். வீட்டுக்கு மாத்திரை கொடுத்தால் சுகமாகிவிட்டதென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மனநோய் மாத்திரைகள் சிலவற்றால் இவர்களுக்கு உடல் விறைத்து, காய்ச்சல் ஏறும் அபாயமும் உண்டு. மனநல மருத்துவரிடம் போகும்போது முந்தைய மூளைக்காய்ச்சலின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துப் போக வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

நோயாளி எதனால் பிதற்றினாலும் கட்டிப்போடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்து இறந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 95ஆம் பிரிவு மனநோய் உள்ள எவரையும் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

பணம் இன்னொரு கவலை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்கள் சிகிச்சை அதில் சேருமா என்று சேர்க்கும் அன்றைக்கே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். தனியார் காப்பீட்டு நிறுவனம் "இது மனநோய்" என்று கிளெய்மை மறுத்தால், இது நரம்பியல் நோயென்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மனநோயென்றே வைத்துக்கொண்டாலும், உடல் நோய்க்குத் தருவதுபோலவே காப்பீடு தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு. நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டும் ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். சிகிச்சையில் அலட்சியம் என்று நம்பக் காரணமிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். அங்கே பேசப்போவது அந்தப் பதிவுகள்தான்.