காணலும் காத்தலும்: நாகைக் கடற்கரை

நுழையும்முன்

பயணம் என்பது இடம்விட்டு இடம் செல்வது மட்டுமன்று. ஓர் இடத்தின் வரலாற்றையும் இயற்கையையும் அங்கு வாழும் மக்களின் உழைப்பையும் அறிந்துகொள்வதும் ஆகும். நாகூர் முதல் கோடியக்கரை வரை நீளும் கடற்கரை, அத்தகைய அறிதலுக்கு ஏற்றதொரு களம். அங்குக் காண வேண்டியவை யாவை, அவற்றை எவ்வாறு காண வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

நெய்தல் நிலம்

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப் பண்டைத் தமிழர் வகுத்தனர். மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் அந்நிலத்து மக்களின் தொழில்களாக இருந்தன. கடற்கரை ஊர்கள் பட்டினம் என்றும் பாக்கம் என்றும் பெயர் பெற்றன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் இவ்வாழ்க்கை இன்றும் தொடர்கிறது. வயலும் வாய்க்காலும் நிறைந்த காவிரிப் படுகையின் கிழக்கு விளிம்பில் மீனவக் குப்பங்களும் உப்பளங்களும் அமைந்துள்ளன. தெற்கே செல்லச் செல்ல நெல்வயல்கள் குறைந்து, மணல்வெளியும் உவர்நிலமும் மிகுகின்றன.

நாகூரும் வேளாங்கண்ணியும்

பயணத்தை நாகூரில் தொடங்கலாம். இறைநேயர் சாகுல் அமீது அடக்கமாகியுள்ள தர்கா இங்கு உள்ளது. அதன் ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்தது 131 அடி உயரமுடையது. அதனைக் கட்டியவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப்சிங் ஆவார். இசுலாமியப் பெரியவர் ஒருவரின் அடக்கத்தலத்தில் இந்து மன்னர் எழுப்பிய அக்கோபுரம், பல சமயத்தாரும் அங்குக் கூடி வழிபடும் மரபுக்குச் சான்றாக நிற்கிறது. பதினான்கு நாள் நடைபெறும் கந்தூரி விழாவில் சமய வேறுபாடின்றி மக்கள் திரள்கின்றனர்.

நாகப்பட்டினத்திற்குத் தெற்கே வேளாங்கண்ணி உள்ளது. இங்குள்ள மாதா ஆலயம் 1962ஆம் ஆண்டு பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் திருவிழாவிற்குத் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்தும் மக்கள் நடைப்பயணமாக வருகின்றனர்.

மறைந்துபோன கோபுரம்

இவ்விரு தலங்களுக்கும் இடையிலுள்ள நாகப்பட்டினம் சோழர்களின் முதன்மைத் துறைமுகங்களுள் ஒன்றாகும். முதலாம் இராசராசன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னரால் இங்கு ஒரு புத்த விகாரம் கட்டப்பட்டது. மன்னர் மாற விசயோத்துங்கவர்மன் தம் தந்தையின் பெயரால் அதற்குச் சூடாமணி விகாரம் எனப் பெயரிட்டார். சைவப் பற்றுமிக்க சோழ மன்னர் அப்புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தார். அச்செய்தியைக் கூறும் செப்பேடுகள் நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டமையால், லெய்டன் செப்பேடுகள் எனவும் வழங்கப்படுகின்றன.

நாகையில் பௌத்தக் கட்டடம் ஒன்றின் எச்சமாகச் செங்கல்லால் ஆன கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நின்றிருந்தது. மக்கள் அதனைப் புதுவெளிக் கோபுரம் என்றனர். கடலில் வரும் மாலுமிகளுக்கு அது கரைகாட்டும் அடையாளமாகவும் விளங்கியது. சிதைந்திருந்த அக்கோபுரம் 1867ஆம் ஆண்டு இடித்து அகற்றப்பட்டது. அதனை அழித்தது கடலன்று. அதன் மதிப்பை உணராத மனிதரே அழித்தனர். 1856 தொடங்கி நாகையின் மண்ணிலிருந்து கிடைத்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட புத்தச் செப்புத் திருமேனிகளே அப்பெருமைக்கு இன்று சான்று கூறுகின்றன. அவற்றுள் பலவற்றைச் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் காணலாம். எனவே, நாகைக்குச் செல்வோர் அங்கு இருப்பவற்றோடு இல்லாமற்போனவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விடியலில் ஒரு துறைமுகம்

நாகை மீன்பிடித் துறைமுகத்தை விடியற்காலையில் காண்பது நன்று. இரவெல்லாம் கடலில் இருந்த படகுகள் கரை சேர்ந்ததும் மீன்கள் கூடைகளில் இறக்கப்படுகின்றன. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி எனத் தரம் பிரித்து ஏலம் விடப்படுகின்றன. விலை கூறும் குரல்களும் பனிக்கட்டி உடைக்கும் ஓசையும் கலந்து ஒலிக்கும் அவ்வேளையில், மீனவரின் உழைப்பும் அதனை நம்பி வாழும் பெண் வணிகரின் திறமும் ஒருங்கே புலப்படும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள்களில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக இத்தடை விதிக்கப்படுகிறது. எடுப்பதை நிறுத்தினால்தான் கடல் மீண்டும் கொடுக்கும் என்பதே இத்தடையின் பொருள்.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. ஆண்டுதோறும் அந்நாளில் உறவினர்கள் கடற்கரையில் மலர் தூவி, பால் ஊற்றி வணங்குகின்றனர். இக்கடற்கரை உல்லாசத்திற்குரிய இடமாக மட்டும் பார்க்கத்தக்கதன்று என்பதை அக்காட்சி உணர்த்தும்.

உப்பும் விடுதலையும்

தெற்கே உள்ள வேதாரண்யம், திருமறைக்காடு என்னும் பழம்பெயர் உடையது. மறைகள் அடைத்துச் சென்ற கோயிற்கதவைத் திறக்க அப்பரும், மீண்டும் அடைக்கச் சம்பந்தரும் பாடினர் என்பது இத்தலத்தின் வரலாறு. "வேதாரண்யம் விளக்கழகு" என்பது மக்கள் வழக்கு.

ஊரைக் கடந்தால் இருபுறமும் உப்பளங்கள் தென்படும். உவர்நீரைப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சி வெயிலில் காயவிடுகின்றனர். நீர் ஆவியாக ஆவியாக உவர்ப்பு மிகுந்து, இறுதிப் பாத்தியில் உப்பு படிகமாக விளைகிறது. அதனை வாரிக் குவித்து, மழைக்கு முன் மூடிவைக்கின்றனர். விளைச்சல் காலத்தில் பெய்யும் ஒருநாள் மழைகூடப் பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும். வெள்ளை நிலத்தில் எதிரொளிக்கும் வெயிலில் வெறுங்காலுடன் நிற்கும் தொழிலாளரைக் கண்டவர் உப்பை எளிய பொருளாகக் கருதமாட்டார்.

இவ்வுப்பே விடுதலைப் போரின் கருவியாகவும் ஆயிற்று. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டனர். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் இயற்றிய பாடலைப் பாடியவாறு நடந்தனர். தொண்டர்களுக்கு உணவோ இடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் என ஆட்சியர் எச்சரித்தார். ஆயினும் வழிநெடுக மக்கள் அவர்களுக்கு உணவளித்தனர். வேதாரண்யத்தில் சர்தார் வேதரத்தினம் பெருந்துணையாக நின்றார். ஏப்ரல் 30 அன்று அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளப்பட்டது. இராஜாஜி கைது செய்யப்பட்டார். அவ்விடத்தில் நிற்கும் நினைவுத்தூண் அந்நிகழ்வைச் சொல்கிறது.

கோடியக்கரை

வேதாரண்யத்திற்குத் தெற்கே, வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் கோடியக்கரை அமைந்துள்ளது. வடக்கிலிருந்து நேராக வரும் கடற்கரை இங்கு மேற்கு நோக்கித் திரும்புகிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினத்தைப் படித்தோர்க்கு இவ்விடம் பூங்குழலியின் ஊராக அறிமுகமாகியிருக்கும். இங்கு எஞ்சியிருந்த பழைய கலங்கரை விளக்கத்தின் சிதைவுகளை 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அழித்துவிட்டது.

1967ஆம் ஆண்டு இப்பகுதி காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. திறந்த புல்வெளியில் வெளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன. ஆண்மான் கருமை படர்ந்த உடலும் முறுக்கிய கொம்பும் உடையது. பெண்மான் இளம்பழுப்பு நிறமுடையது. நவம்பர் முதல் சனவரி வரை உவர்நீர்ச் சதுப்புகளில் பூநாரைகளையும், வடதுருவத்தை ஒட்டிய குளிர்நிலங்களிலிருந்து வரும் உள்ளான்களையும் காணலாம். சதுப்பு நிலங்களின் சிறப்பு கருதி, 2002ஆம் ஆண்டு ராம்சார் தலமாகவும் இப்பகுதி ஏற்கப்பட்டது. தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமைகள் மணலில் முட்டையிட வருகின்றன.

இவ்வளமும் இடருக்கு உட்பட்டதே. அயல்நாட்டுச் செடியாகிய சீமைக்கருவேலம் புல்வெளிகளில் பரவி, மான்கள் மேயும் பரப்பைக் குறைக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இங்குள்ள மரங்களை வேரோடு சாய்த்தது, விலங்குகளும் மடிந்தன. புயலைத் தடுக்க இயலாது. ஆயின் கடலின் சீற்றத்தைத் தணிக்கவல்ல மணற்குன்றுகளையும் அலையாத்திக் காடுகளையும் அழியாமற் காக்க இயலும்.

தெரிந்து தெளிவோம்

கோடியக்கரைக்குச் செல்வோர் வனத்துறையின் இசைவு பெற்று, குறித்த பாதையில் மட்டும் செல்லுதல் வேண்டும். இருநோக்கியால் பறவைகளைத் தொலைவிலிருந்தே காணலாம். அருகில் சென்று அவற்றை எழுப்பிவிடுதல் கூடாது. நெடுந்தொலைவு பறந்து வந்த பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் ஆற்றல் இழப்பாகும். ஆமைகள் முட்டையிடும் கரையில் இரவில் விளக்கொளி வீசுதல் தவறு. ஒளியை நோக்கி நகரும் குஞ்சுகள் கடலுக்குச் செல்லும் திசையைத் தவறவிடும்.

நிறைவாக

நாகைக் கடற்கரையில் மனிதர் எழுப்பியவை சில நிலைத்துள்ளன, சில மறைந்துள்ளன. மக்கள் போற்றியதால் நாகூரின் கோபுரம் நிற்கிறது. போற்றுவார் இன்மையால் புதுவெளிக் கோபுரம் பெயரளவில் எஞ்சியது. இன்று கோடியக்கரையின் புல்வெளியும் அதே நிலையில்தான் உள்ளது. அதன் மதிப்பை அறிந்தோர் இருக்கும்வரை அது நிலைக்கும். கற்றவற்றை நினைவிற்கொண்டு ஒருமுறை இக்கடற்கரையில் நடந்து பார்க்கும் மாணவர், தத்தம் ஊரில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் குளத்தையும் கல்வெட்டையும் புதிய கண்கொண்டு காண்பர்.