கடற்கன்னியின் நிறமும் தீவின் நாவும்

கடற்கன்னியின் நிறம் யாது? 2019ஆம் ஆண்டு தொடக்கம் மேனாட்டார் பலரைத் துயிலவிடாத வினா இது. டென்மார்க்கு நாட்டு ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சன் 1837இல் வெளியிட்ட கதையை டிஸ்னி நிறுவனத்தார் 1989இற் சித்திரப்படமாக்கினர். 2023இல் நடிகரைக்கொண்டு மீண்டும் எடுத்தனர். கறுப்பினப் பெண்ணாகிய ஹாலி பெய்லி தலைவியாக நடிப்பார் என்றதுமே எதிர்ப்பு எழுந்தது. இடைக்குக் கீழே மீனாயிருப்பவளை நம்பியவர்கள், இடைக்கு மேலே அவள் நிறத்தை நம்ப மறுத்தமை நகைப்புக்கு இடமானதே.

1989ஆம் ஆண்டுப் படத்தை எண்ணிப் பார்ப்போம். அதிலே அரசனுக்கு ஏவல்செய்யும் நண்டொன்று கரிபியன் நடையிற் பேசும். கலிப்சோ இசையிற் பாடும். அப்பாட்டு ஒஸ்கார் பரிசும் பெற்றது. கறுப்பினத்தாரின் இசை வேண்டியிருந்தது, முகம் வேண்டியிருக்கவில்லை. இப்பொழுது அம்முகத்தைத் திரையிற் கண்டு கறுப்பினச் சிறுமியர் துள்ளினர். அம்மகிழ்ச்சி சிறிதன்று.

ஆயினும் புதிய படத்தை யான் முற்றாகப் புகழேன். கதை நிகழிடம் கரிபியன் சாயல்கொண்ட தீவு; காலம் பாய்மரக் கப்பற் காலம். கறுப்பின அரசி ஆள்கிறாள். வெள்ளை இளவரசன் அவள் வளர்ப்பு மகன். அடிமை முறை பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

அண்டர்சன் கதை வெளிவந்த காலத்தில் டென்மார்க்கு மன்னரே கரிபியன் கடலில் சென் தோமஸ், சென் ஜோன், சென் குரோய் என்னும் தீவுகளை உடையவராயிருந்தார். அங்கே ஆபிரிக்க அடிமைகள் கரும்பு வெட்டினர். பிரித்தானியரின் ஒழிப்புச் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. இழப்பீடாகிய இரண்டு கோடி பவுணும் அடிமைகளை உடையோருக்கே சென்றது. டேனியத் தீவுகளிலோ விடுதலை 1848 வரை தாமதித்தது. அதுவும் சென் குரோய் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பின்னரே வந்தது. அண்டர்சன் இவற்றை அறியாதவரல்லர். மார்த்தினிக் தீவின் அடிமை வாழ்வைப் பொருளாகக்கொண்டு அவர் இயற்றிய நாடகம் 1840இற் கொப்பன்ஹேகனில் அரங்கேறியது. கலப்பினத்தான் ஒருவனே அதன் தலைவன்.

எனவே, டேனியக் கதைக்கும் கரிபியன் கறுப்பினத்தாருக்கும் உறவில்லை என்பார் வரலாறு கல்லாதவர். படமெடுத்தோரோ அவ்வுறவு விளங்கும் இடத்தையே தேர்ந்து, அதனை மறைத்தும் விட்டனர். மூலக்கதையிலே சூனியக்காரி கன்னியின் நாவை அறுக்கிறாள். புதிய படத்திலே நா அறுபட்டது தீவுக்கு.

சிறுவர் படத்திலே சாட்டையைக் காட்டலாமோ என வினவுவார் உளர். அண்டர்சன் கதையிலே கன்னி எடுத்துவைக்கும் ஒவ்வோரடியும் கத்திமேல் மிதிப்பதுபோல் வலிக்கிறது. காதலும் கைகூடாமல் அவள் உடல் கடல்நுரையாகிறது. சிறுவர் அதனை நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக வாசித்து வருகின்றனர்.