மிதித்தால் மௌனம் சாதிக்கும் சுவிட்ச்

உங்கள் வீட்டுப் பிள்ளை கித்தார் வாசிப்பவனா? அப்படியானால் இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருமண மண்டபம் நிறைந்திருக்கிறது. பாட்டின் நடுவில் கித்தாருக்கென்று ஒதுக்கிய இடம் வருகிறது. பையன் காலடியில் இருக்கும் சின்ன உலோகப் பெட்டியை மிதிக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மிதிக்கிறான். மூன்றாவது மிதிக்கு ஒலி மாறுகிறது. அதற்குள் அந்த இடமே கடந்துவிட்டது. பாடகர் திரும்பி ஒரு பார்வை பார்க்கிறார். அடுத்த நிகழ்ச்சிக்கு வேறு ஆளை அழைத்துவிடுவார்களோ என்ற கவலையோடு பையன் வீடு திரும்புகிறான்.

மறுநாள், "பெடல் போச்சுப்பா, புதுசு வாங்கணும்" என்பான். சில நூறு வெள்ளி! அப்பா நாளிதழை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

சற்றுப் பொறுங்கள், நேயர்களே. பெரும்பாலும் போயிருப்பது பெடல் அல்ல. அதன் மிதி சுவிட்சு. சில வெள்ளிக்குக் கிடைக்கும் சாமான்.

சுவிட்சு ஏன் கெடுகிறது? பல சுவிட்சுகளின் உள்ளே ஒன்றையொன்று தொடும் தகடுகளுக்கு வெள்ளி முலாம் பூசியிருப்பார்கள். பூஜை அறையில் இருக்கும் வெள்ளிக் குங்குமச் சிமிழ் நாளடைவில் கறுத்துப் போகிறதல்லவா? அதே சங்கதிதான் இங்கேயும். சிமிழுக்கு விபூதி போட்டுத் தேய்க்கலாம். சுவிட்சுக்குள் விபூதி போட வழியில்லை. போதாக்குறைக்கு நம் நாட்டு ஈரக்காற்று, மேடைத் தூசி, மேலே கொட்டிய தே தாரிக்.

சுங்கை பூலோ வாசகர்களுக்கு இன்னொரு செய்தி. 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் உங்கள் ஊரில்தான் இருந்தது. அந்த நிலத்தில் இப்போது குவாசா டமன்சாரா நகரம் எழுகிறது. ரப்பரை உறுதிப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள் என்பது ரப்பரோடு வளர்ந்த குடும்பங்களுக்குத் தெரியும். வெள்ளியைக் கறுக்க வைப்பதும் அந்தக் கந்தகம்தான். ஆகவே பெடலை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைக்காதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் புதிய 9 வோல்ட் பேட்டரி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பேட்டரி இளைத்திருந்தாலும் பெடல் இதே குணத்தைக் காட்டும். அடுத்து வேறு கம்பியை மாட்டிப் பாருங்கள். இரண்டிலும் குறையில்லை என்றால், உங்கள் சுவிட்சு எந்த இனம் என்று பார்க்க வேண்டும். இதைப் பாராமல் திருப்புளியைத் தூக்குகிறவர்கள்தான் அதிகம்.

ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் பாஸ் பெடல்கள் இந்த வடிவில் 1977 முதல் வருகின்றன. அண்மைக் காலத்தில் வாங்கிய பாஸ் பெடலைத் திருப்பிப் பாருங்கள், மலேசியாவில் செய்தது என்றே பலவற்றில் எழுதியிருக்கும். நாம் மிதிக்கிற அகலமான தகடு உண்மையில் சுவிட்சு அல்ல. அதன் முன் திருகைக் கையால் தளர்த்தித் தகட்டைத் தூக்கினால் பேட்டரி அறையும் ஒரு சுருள்வில்லும், பொத்தான் வைத்த சிறிய சுவிட்சு ஒன்றும் தெரியும். பாட்டின் ஒலி இந்தச் சுவிட்சு வழியே போவதே இல்லை. அது உள்ளே இருக்கும் மின்சுற்றுக்கு 'மாறு' என்று சொல்வதோடு சரி. ஆகவே கரகரப்பு கேட்டால் இதைக் குறை சொல்லாதீர்கள். கம்பி செருகும் துளையையோ திருகும் குமிழையோ பாருங்கள்.

தகட்டைத் தூக்கியபடியே கம்பியைச் செருகி, பொத்தானை விரலால் அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் விளக்கு மாறினால் சுவிட்சு நலம். தகட்டின் அடியில் உள்ள ரப்பர்தான் தேய்ந்திருக்கிறது. மாறவில்லையா? சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் கணநேரம் தொட்டு எடுங்கள். இப்போது விளக்கு மாறினால் மின்சுற்று நலம், சுவிட்சுதான் குற்றவாளி. புதிதாக வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். பொத்தானின் உயரம் ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகடு அதைத் தொடாது, அல்லது அழுத்தியபடியே நிற்கும்.

மற்றோர் இனம், மிதித்தால் 'கிளிக்' என்று ஓசையிட்டு மாறிய நிலையிலேயே நிற்பது. கைவினைஞர்கள் செய்யும் பெடல்களில் இதுவே அதிகம். அடியில் மூன்று வரிசையாக ஒன்பது கால்கள் இருக்கும். இதில் ஒலியே சுவிட்சு வழியாகப் போவதால், களிம்பு ஏறினால் ஒலி விட்டுவிட்டு வரும். காண்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு இடுக்கில் அடித்து முப்பது முறை மிதித்து, நன்றாக உலரவிடுங்கள். குணம் தெரிந்தாலும் மகிழ்ந்துவிட வேண்டாம். மருந்து உள்ளே இருக்கும் மசகையும் கழுவிவிடும், ஆகவே இது தற்காலிக நிவாரணம். திறந்து சுத்தம் செய்யலாமே என்பீர்கள். செய்யலாம், சின்னச் சின்னத் துண்டுகள் நாற்காலிக்கு அடியில் ஓடி ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். புதிதாக மாற்றுவதே என் கட்சி. ஈயம் வைக்கும்போது ஒரு காலில் மூன்று வினாடிக்கு மேல் சூடு காட்டாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகினால் உள்ளே தகடு இடம் மாறி, புதிய சுவிட்சு பிறக்கும்போதே நோயாளியாகும்.

வா-வா பெடல் வைத்திருப்பவர்களுக்குச் செலவே இல்லாமல் போகலாம். பலகையின் முனை கீழே இருக்கும் சுவிட்சை எட்டாததே அங்கே வழக்கமான குறை. சுவிட்சின் மரையைத் தளர்த்திச் சற்று உயர்த்தினால் போதும்.

பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய், மண்ணெண்ணெய், உப்புத்தாள் இவை மூன்றும் வேண்டாம். உப்புத்தாள் கறுப்போடு வெள்ளி முலாமையும் சுரண்டி எடுத்துவிடும். அப்புறம் செலவாவதும் வெள்ளிதான்! வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை இருந்தால், பேட்டரியில் ஓடும் பெடலைத் தாராளமாகக் கொடுத்துப் பழக விடுங்கள். ஒலிபெருக்கியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. அதற்குள், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

சாமான்களுக்குக் கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பாசார் கடைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள். பழுது பார்த்த பெடலை வீட்டில் ஐம்பது முறை மிதித்துப் பார்த்த பிறகே மேடைக்கு அனுப்புங்கள். கித்தார் பையில் நீளமான கம்பி ஒன்று தனியாக இருக்கட்டும். அப்படியும் பெடல் மௌனம் சாதித்தால், அதை ஒதுக்கிவிட்டுக் கித்தாரை நேரே ஒலிபெருக்கியில் மாட்டிப் பாட்டை முடித்துவிடலாம்.