வெள்ளை கோட்டுக்குள்ளே - 9: மருந்துச் சீட்டில் பாலும் இறைச்சியும்

முதலாண்டு மாணவருக்கு வெள்ளை கோட்டு மாட்டிவிடும் விழா 1993-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கதையைச் சென்ற வாரம் சொல்லியாயிற்று. தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் இதழை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாரம் நம் எம்.பி.பி.எஸ். மாணவர்களின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் அமெரிக்க மருத்துவர் ஜாக் கைகர் குறுக்கே வந்துவிட்டார்.

மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட் பயூ, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1887-ல் உருவாக்கிய ஊர். பருத்தி பறிக்க இயந்திரம் வந்ததும் சுற்றுவட்டாரத்தில் பாதிக் கூலி போனது. களைக்கொல்லி வந்ததும் களையெடுப்பும் போனது. பாஸ்டனின் டஃப்ட்ஸ் மருத்துவக் கல்லூரி சார்பில் கைகர் 1967-ல் அங்கே சுகாதார மையம் திறந்தபோது, தூக்கிவரப்பட்ட குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் தொற்றும் இருந்தன. அவற்றுக்கு அடியில் பசி இருந்தது. மருத்துவர்கள் மருந்துச் சீட்டை எடுத்து, இத்தனை பால், இத்தனை காய்கறி, இத்தனை இறைச்சி என்று எழுதினார்கள். சீட்டை உள்ளூர்க் கறுப்பினத்தவரின் மளிகைக் கடையில் நீட்டினால் சாமான் கிடைக்கும். பில் மையத்தின் மருந்தகக் கணக்கில் ஏறும்.

இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது!

ஆளுநர் கொதித்தார். பணம் தந்த வாஷிங்டன் அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து, மருந்தகப் பணம் நோய்க்கு மருந்து வாங்க மட்டும்தானே என்று கேட்டார். ஊட்டக்குறைவுக்குத் தன் பாடப்புத்தகம் சொல்லும் சிகிச்சை உணவுதான் என்றார் கைகர். அதிகாரியிடம் மறுபேச்சு இல்லை. கிணறு தோண்டுவதும் கழிப்பிடம் கட்டுவதும்கூட மையத்தின் வேலையாயின. வேலையிழந்த குடும்பங்கள் கூட்டுறவுப் பண்ணை தொடங்கிக் காய்கறி பயிரிட்டன.

இந்தத் துணிச்சல் பட்டத்தோடு வந்ததல்ல, அதற்கு முன்பே வந்தது. கைகர் படித்த கிளீவ்லாந்தின் வெஸ்டர்ன் ரிசர்வ் கல்லூரி, 1952-லேயே முதலாண்டு மாணவரை ஒரு குடும்பத்தோடு இணைத்துவிடும் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. மாணவராக இருக்கும்போதே 1957-ல் தென்னாப்பிரிக்காவின் போலேலாவுக்குப் போனார். சிட்னி கார்க், எமிலி கார்க் தம்பதி 1940-ல் ஜூலு மக்களிடையே தொடங்கிய மையம் அது. வீடுவீடாகக் கணக்கெடுப்பதும் காய்கறித் தோட்டம் போடச் சொல்லித்தருவதும் அங்கே மருத்துவத்தின் பகுதி. மருத்துவர் என்றால் இன்னின்னதைச் செய்கிறவர் என்ற எண்ணம் உறுதிப்படும் வயதில் கைகர் பார்த்தது இதை.

நம் மருத்துவ வகுப்பிலும் நோய்க்குக் காரணங்களாக வருமானம், கல்வி, வீடு, குடிநீர் எல்லாம் உண்டு. சமூக மருத்துவப் பாடநூலான ‘பார்க்’ புத்தகத்தில் அடிக்கோடிட்டு, தேர்வில் கொட்டிவிட்டு வரலாம். அப்படி வருகிறவர் எழுதும் சீட்டில் இரும்புச்சத்து மாத்திரை இருக்கும். அந்த வீட்டில் அடுப்பெரிகிறதா என்ற கேள்வி இருக்காது. பிழை மாணவருடையதல்ல, அந்தக் கேள்வியைக் கேட்கும் ஆசிரியரை அவர் வார்டில் பார்ப்பதில்லை.

2021-22 சேர்க்கையிலிருந்து நம் நாட்டிலும் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குக் குடும்பங்கள் ஒப்படைக்கப்படுகின்றன. அது மாணவரை மாற்றுகிறதா, பதிவேட்டை நிரப்புகிறதா என்பது அடுத்த வாரம், நிச்சயமாக. அந்தத் திட்டத்தில் இருக்கும் மாணவர்கள் அதற்குள் எனக்கு எழுதுங்கள். குடும்பத்தின் பெயரும் ஊரும் வேண்டாம். அந்த வீட்டில் உங்களிடம் முதலில் என்ன கேட்டார்கள் என்பது போதும்.