கோவைகள் கடல் கடக்கலாம், பொறுப்பு கடக்கலாமா?

இடம்பெயர்ந்த வேளையில் நம்மில் பலர் முதலில் கையில் எடுத்தது காணி உறுதி வைத்த பையைத்தான். அந்த உறுதியை ஒரு சட்டத்தரணியிடம் ஒப்படைக்கும்போது, அது அவரது கந்தோரிலேயே பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறோம். அங்குள்ள இலிகிதரும் தட்டெழுத்தாளரும் நாம் முகம் பார்த்துப் பழகியவர்கள். ஆனால் அந்த வேலைகளைச் செய்பவர்கள் நாம் ஒருநாளும் காணாத வேறொரு நாட்டவர்களாக இருந்தால்? மேல்நாட்டுச் சட்ட நிறுவனங்கள் பலவற்றில் இது இன்று சாதாரண நடைமுறையாகிவிட்டது.

அமெரிக்காவில் வழக்காடும் இரு தரப்பினரும் வழக்குடன் தொடர்புடைய ஆவணங்களை விசாரணைக்கு முன்பே ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும். பெரிய கம்பனிகளின் வழக்குகளில் இவை இலட்சக்கணக்கில் இருக்கும். அத்தனையையும் வாசித்துப் பிரிப்பதற்கு அங்குள்ள சட்டத்தரணிகள் மணித்தியாலக் கணக்கில் பெரும் கட்டணம் அறவிடுவார்கள். இந்தியாவில் ஆங்கிலம் கற்ற சட்டப் பட்டதாரிகள் அதே வேலையைக் குறைந்த செலவில் செய்கிறார்கள். நேர வித்தியாசமும் இதற்கு உதவுகிறது. நியூயோர்க்கில் இரவு 9 மணிக்கு அனுப்பும் கோவை, இந்தியாவில் காலை 6.30 அல்லது 7.30 மணிக்குக் கணனித் திரையில் இருக்கும்.

2004ஆம் ஆண்டில் ஆரம்பமான பஞ்சியா-3 என்ற நிறுவனம் இத்துறையில் பெயர்பெற்றது. 2010இல் அதனைத் தொம்சன் ரொய்ட்டர்ஸ் வாங்கியது. வேலைகள் எப்போதும் கடல் தாண்டிப் போவதுமில்லை. 2011இல் இலண்டனின் பெரிய சட்ட நிறுவனங்களான அலன் அன்ட் ஓவரி, ஹேர்பேட் ஸ்மித் ஆகிய இரண்டும் செலவு குறைந்த பெல்பாஸ்ட் நகரில் துணைக் கந்தோர்களைத் திறந்தன.

இதனால் படித்த இளைஞருக்குத் தொழில் கிடைக்கிறது, செலவும் குறைகிறது. ஆனால் கட்சிக்காரரின் இரகசியத்தை யார் காப்பது? பிழை நேர்ந்தால் யார் பதில் சொல்வது? இக்கேள்விகளுக்கு அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் 2008இல் விடை கூறியது. வேலையை வெளியே கொடுக்கலாம். ஆனால் அது திறமையாக நடைபெற வேண்டிய பொறுப்பு சட்டத்தரணியையே சாரும். வெளியாரிடம் இரகசியத் தகவல்கள் போவதாயின் கட்சிக்காரருக்கு அதனை விளக்கி, அவரது சம்மதம் பெற வேண்டியிருக்கும். கட்டணமும் நியாயமாக இருக்க வேண்டும்.

இவ்விடயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தது. இத்தகைய நிறுவனங்களின் துணை வேலைகள் இந்தியச் சட்டத்தரணிகள் சட்டத்துக்குள் அடங்கா என்று அது 2012இல் தீர்ப்பளித்தது. 2018 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம் இதனைத் திருத்தியது. நிறுவனம் தனக்கு இட்டுக்கொண்ட பெயர் முக்கியமல்ல; செய்யும் வேலை உண்மையில் சட்டத் தொழிலாக இருந்தால் அச்சட்டம் அதனையும் கட்டுப்படுத்தும் என்றது. அதாவது, தட்டெழுதுவதும் பிழை பார்ப்பதும் வேறு. சட்ட ஆலோசனை கூறுவது வேறு.

கூலிக்கு ஆள் பிடித்து நாற்று நட்டாலும், பயிர் பிழைத்தால் பதில் சொல்ல வேண்டியவன் வயற்காரன்தானே! இதுவும் அவ்வாறானதே.

நமது சிறு காணி வழக்குகள் கடல் கடந்து போகாமல் இருக்கலாம். ஆயினும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் ஒன்றே. எந்தக் கந்தோரிலும் பத்திரங்களைக் கொடுக்கும்போது அவற்றை யார் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பிரதி போதுமான இடத்தில் மூல உறுதியைக் கொடுக்காதீர்கள். மூல உறுதியையே கொடுக்க நேர்ந்தால் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். கட்டணத்தில் எது எதற்காக என்றும் விசாரியுங்கள். இவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவல்ல. அது கட்சிக்காரரின் உரிமை.