குளிர்காலத்தில் இறகு உதிர்க்கும் கோழிகள்

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு முதலிய மலைப்பிரதேசங்களில் கோழி வளர்க்கும் சங்க அங்கத்தினர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நல்ல பெட்டைகளை அற்ப விலைக்கு விற்றுவிடுவதுண்டு. அதுவரை ஒழுங்காய் முட்டையிட்டு வந்த பெட்டை திடீரென்று முட்டையை நிறுத்துகிறது. கழுத்திலும் முதுகிலும் இறகு கொட்டித் தோல் தெரிகிறது. கொண்டை சுருங்கி வெளுத்துப் போகிறது. வியாதி கண்டுவிட்டதென்றோ, வயது முதிர்ந்துவிட்டதென்றோ எண்ணி, தீனியாவது மிஞ்சட்டுமென்று அதைச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். வியாபாரியும் அதன் கோலத்தைக் காட்டியே விலையைக் குறைக்கிறான். இவ்விதம் முதலில் கைவிட்டுப் போவது பல சமயங்களில் கூட்டத்திலேயே சிறந்த பெட்டையாயிருப்பதுதான் வருந்தத்தக்கது.

இறகு உதிர்தல் வியாதியன்று. வளர்ந்த கோழி ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை பழைய இறகைக் களைந்து புதிய இறகு பூணுகிறது. பகற்பொழுது குறைந்து வருவதே இதற்கு முக்கிய தூண்டுதல். நம் மலைகளில் ஆனி மாதத்துப் பகலுக்கும் மார்கழி மாதத்துப் பகலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரமே. ஆகையால் மேல்நாடுகளிற்போல எல்லாக் கோழிகளும் ஒரே சமயத்தில் இறகு உதிர்ப்பதில்லை. அடைகாத்துக் குஞ்சு பொரித்த நாட்டுக்கோழி அதன் பின்னர் உதிர்ப்பதுமுண்டு. ஒருநாள் தண்ணீரின்றித் தவித்தாலும், இடம் மாற்றி அடைத்தாலும், அகாலத்திலேயே இறகு கொட்டத் தொடங்கிவிடும்.

உதிர்தல் தலையிலும் கழுத்திலும் தொடங்கி, மார்பு, உடல், சிறகு, வால் என்று செல்லும். நல்ல பெட்டையை அறிய விரும்புவோர் சிறகை விரித்துப் பார்க்க வேண்டும். சிறகின் நுனிப்பாகத்தில் பத்துப் பெரிய இறகுகள் இருக்கும். அவற்றிற்கும் உட்புறத்து இறகுகளுக்கும் நடுவே ஒரு குட்டை இறகு எல்லை காட்டி நிற்கும். அந்தப் பத்தும் குட்டை இறகின் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி வரிசையாக விழுகின்றன. ஓர் இறகு முழு நீளம் வளர ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். இரண்டு வாரத்திற்கு ஒன்றாக உதிர்க்கும் பெட்டைக்குப் பத்தும் மாறி முடிய 24 வாரம், அதாவது ஐந்தரை மாதம் பிடிக்கும். அதில் பெரும்பகுதி முட்டையில்லாக் காலமே. மூன்று நான்கு இறகுகளை ஒருசேர உதிர்க்கும் பெட்டையோ அதிற் பாதிக் காலத்திற்குள் தேறி, மறுபடியும் முட்டைக்கு வந்துவிடும். கார்த்திகை வரையில் முட்டையிட்டுவிட்டு, பிந்தி உதிர்த்து, ஒரே வாரத்தில் மொட்டையாகி நிற்கும் பெட்டையே ஆதாயமானது. ஆனியிலேயே உதிர்க்கத் தொடங்கி, இறகு குலையாமல் பார்வைக்கு அழகாய்த் திரிவதுதான் வெகுநாள் வெறுந்தீனி தின்பது. சந்தைக்குப் போக வேண்டியது இதுவேயன்றி மொட்டைக்கோழியன்று.

ஆயினும் இறகு இழந்த கோழியெல்லாம் ஆரோக்கியமுள்ளதென்று கொள்ளலாகாது. உதிர்த்த இடத்தில் முள்ளைப்போல் புது இறகுக் குருத்துகள் தென்பட்டு, கோழி சுறுசுறுப்பாய் இரை தின்றால் அச்சமில்லை. குருத்தின்றி, ஆசனவாயைச் சுற்றிலும் இறகின் அடியில் வெண்ணிறக் கட்டிகள் ஒட்டியிருந்தால் அவை பேன் முட்டைகளாகும். பச்சை நிறக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் இவை காணின் அது ராணிக்கெட் வியாதியாயிருக்கலாம். அக்கோழியை உடனே தனியே பிரித்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இனித் தீனியைப்பற்றி. முட்டையிடாத கோழிக்குத் தீனி எதற்கென்று குறைப்பதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. இறகில் பத்தில் எட்டுப் பங்கிற்கு மேல் புரதச் சத்தே. ஒன்றரைக் கிலோ எடையுள்ள பெட்டையின் இறகு முழுவதும் சுமார் 90 கிராம் தேறும். ஒரு முட்டையிலுள்ள புரதமோ 6 கிராம். ஆகவே, ஒருமுறை இறகு மாற்றுவதற்குப் பன்னிரண்டு முட்டைக்குரிய புரதம் செலவாகிறது. அதனோடு, போர்வையற்ற உடம்பு குளிரில் சூட்டைக் காக்கவும் கூடுதலாய் இரை வேண்டும். கோழியின் உடற்சூடு மனிதருடையதைவிட அதிகமென்பதை மறத்தலாகாது.

பத்துப் பங்கில் கேழ்வரகும் உடைத்த மக்காச்சோளமும் 5, தவிடு 2, கடலைப் பிண்ணாக்கு 1, எள்ளுப் பிண்ணாக்கு 1, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 1 என்று கலந்து கொடுக்கலாம். கடலைப் பிண்ணாக்கு மட்டும் போதாதோவெனில், இறகுக்கு இன்றியமையாத கந்தகம் சேர்ந்த சத்து அதில் குறைவு. எள்ளுப் பிண்ணாக்கிலும் மீனிலும் அது மிகுதி. கடைகளில் விற்கும் உப்புக் கருவாட்டை அப்படியே போடலாகாது. மிகுந்த உப்பு கோழிக்கு நஞ்சு. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு அதனினும் கொடியது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பல்லாயிரக்கணக்கான வான்கோழிகள் மாண்டதற்குக் காரணம் கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சே என்று பின்னர் கண்டறியப்பட்டது. ஐப்பசி மழையில் ஈரந்தாக்கிய மூட்டையை மலிவென்று வாங்குவதைக் காட்டிலும், அங்கத்தினர்கள் சங்கத்தின் மூலம் நன்கு காய்ந்த சரக்கை மொத்தமாய் வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது நலம். மாலையில், கூட்டில் அடைவதற்கு முன், ஒரு கைப்பிடி முழுத் தானியம் கொடுத்தால் இரவுக் குளிருக்கு உதவும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் வைக்க வேண்டும்.

கூட்டின் இடமும் கவனிக்கத்தக்கது. குளிர்ந்த காற்று கனமானதாகையால் பள்ளத்தில் தேங்கும். மார்கழி, தை மாதங்களில் நீலகிரியின் பள்ளத்தாக்குகளில் உறைபனி படிந்திருக்க, சற்று மேலே சரிவில் பனியில்லாதிருப்பதைக் காணலாம். கூடு அச்சரிவிலேயே, காலை வெயில் படும்படி இருத்தல் வேண்டும். குளிருக்கு அஞ்சி எல்லாத் திறப்புகளையும் சாக்கால் அடைப்பது கெடுதல். மூச்சின் ஈரமும் எச்சத்தின் நெடியும் உள்ளேயே தங்கிக் கோழிக்குச் சளியை வருவிக்கும். கோழி அமரும் உயரத்தில் காற்று வீசாமல் மறைத்து, கூரையடியில் திறப்பு விட்டால் போதும். தரையில் நான்கு அங்குலக் கனத்திற்கு உமியோ உலர்ந்த சருகோ பரப்பி, நனைந்ததை உடனே மாற்ற வேண்டும். மூடிய கூட்டில் கரிக்கணப்பு வைப்பது எக்காரணத்தாலும் கூடாது. அதிலிருந்தெழும் நஞ்சுக்காற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. விடிவதற்குள் கோழிகள் அத்தனையும் மாண்டு போகலாம்.

புதுக்குருத்தில் இரத்தம் ஓடுகிறது. தொட்டால் கோழிக்கு வலிக்கும், முறிந்தால் இரத்தம் வழியும். இரத்தத்தைக் கண்ட மற்றக் கோழிகள் அவ்விடத்தையே கொத்தும். ஆகையால் அநாவசியமாய்ப் பிடித்துத் தூக்குதல், கால்கட்டிக் கொண்டுபோதல், குளிப்பாட்டுதல், மண்ணெண்ணெய் பூசுதல் இவற்றை விலக்க வேண்டும். பேனுக்குச் சாம்பலும் மணலும் கலந்த புழுதிக்குழி வெயிலில் இருக்கட்டும். மொட்டை முதுகைச் சேவல் மிதித்துக் கிழிக்குமாதலால் அதைப் பிரித்துவிடுவது அவசியம். இக்காலத்தில் இராவிளக்கு வைத்து முட்டையை வருவிக்க முயல்வதும் தகாது. இளைத்த உடம்பு தேறுவதற்கு ஓய்வு வேண்டும்.

குருத்துகள் விரிந்து, கொண்டை மறுபடியும் சிவந்து பெருத்தால் முட்டைக்காலம் நெருங்கிவிட்டதென்று அறியலாம். அப்பொழுது கருவாட்டுத் தூளைச் சிறிது சிறிதாய்க் குறைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிப் பாத்திரத்தில் வைத்து, சேவலையும் திரும்பச் சேர்க்கலாம். பிந்தி உதிர்த்து விரைவில் தேறிய பெட்டைகளின் காலில் ஓர் அடையாள வளையம் மாட்டிவைத்து, அடைக்கு வைக்கும் முட்டைகளை அவற்றினிடமிருந்தே எடுக்க வேண்டும்.