செவித்திறன் குறைபாடும் பதிவுபெற்ற கேட்பியல் வல்லுநரும்

கேட்கும் திறனை அளந்து, குறை இருப்பின் அது காதின் எந்தப் பகுதியில், எந்த அளவில் உள்ளது என்பதைக் கண்டறிந்து, மருந்தாலும் அறுவையாலும் தீராத குறைக்குக் கருவியும் பயிற்சியும் அளிப்பவர் கேட்பியல் வல்லுநர் ஆவார். மருத்துவமனைகளில் இவர் ஆடியாலஜிஸ்ட் என்றே அறியப்படுகிறார். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் வேறு, இவர் வேறு. சீழ் வடிதல், செவிப்பறை கிழிதல், கட்டி போன்றவற்றுக்கு மருந்தோ அறுவையோ செய்பவர் மருத்துவர். கேட்கும் திறனை அளப்பதும் கருவியைப் பொருத்துவதும் வல்லுநரின் வேலை. இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோயாளிகள் பலர்.

உலக சுகாதார அமைப்பு 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு ஏதேனும் ஓர் அளவில் செவித்திறன் குறைபாடு உள்ளது. அவர்களுள் சுமார் 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வுச் சேவை தேவைப்படுகிறது.

குறையின் வகைகள்

புறச்செவியிலோ நடுச்செவியிலோ ஒலி தடைபட்டால் அது கடத்தல் வகைக் குறை. காதுக் குறும்பி அடைத்தல், செவிப்பறையில் துளை, நடுச்செவியில் நீர் கோத்தல், அங்கவடி எலும்பு அசையாமல் இறுகுதல் ஆகியவை இதற்குக் காரணங்கள். இவற்றுள் பல சரிசெய்யக்கூடியவை. காக்ளியா எனும் நத்தைச்சுருளில் உள்ள மயிர்ச் செல்களோ செவி நரம்போ பாதிக்கப்பட்டால் அது உணர்நரம்பு வகைக் குறை. முதுமை, தொடர்ந்த பேரிரைச்சல், ஜென்டாமைசின், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் ஆகியவற்றால் இது வரும். மனிதருக்கு மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரண்டும் கலந்து வருவதும் உண்டு.

நோயாளிக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்: காது கேட்கவில்லை, அவ்வளவுதான். குறும்பி அடைத்த காதுக்குக் கருவி வாங்கியவரும் உண்டு, நரம்புக் குறைக்கு மாதக்கணக்கில் எண்ணெய் காய்ச்சி ஊற்றியவரும் உண்டு. செவிப்பறையில் துளை இருக்கும்போது எண்ணெய் ஊற்றினால் நடுச்செவியில் தொற்று ஏற்படலாம்.

சோதனையில் என்ன நடக்கிறது

முதலில் காதினுள் விளக்குக் கருவியால் பார்ப்பார்கள். பின்னர் ஒலி புகாத அறையில் தலையணி ஒலிப்பானை மாட்டி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே தந்து, கேட்கும் மிகக் குறைந்த அளவை டெசிபலில் குறிப்பார்கள். அதே ஒலிகளைக் காதின் பின்னுள்ள எலும்பின் வழியேயும் தருவார்கள். எலும்பு வழியே நன்றாகக் கேட்டு, காற்று வழியே கேட்காவிட்டால், உட்செவி நலமாக இருக்கிறது, தடை வெளியே இருக்கிறது என்று பொருள். இந்த ஓர் ஒப்பீடே குறையின் வகையைச் சொல்லிவிடும். செவிப்பறையின் அசைவை அளக்கும் சோதனையும், பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனை அளக்கும் சோதனையும் தேவைக்கேற்பச் சேரும்.

இதில் பயிற்சியற்றவர் எளிதில் தவறும் இடம் ஒன்று உண்டு. முற்றிலும் கேளாத காதில் உரத்த ஒலியைத் தந்தால், அது மண்டையோட்டின் வழியே மறுபக்கத்து நல்ல காதைச் சென்று சேரும். நோயாளியும் கேட்பதாகக் கை தூக்குவார். தாளில் கேளாத காது ஓரளவு கேட்கும் காதாகப் பதிவாகிவிடும். இதைத் தவிர்க்க, நல்ல காதுக்கு அளவான இரைச்சலைத் தந்து அதை மறைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். எப்போது மறைப்பது, எவ்வளவு இரைச்சல் தருவது என்பது கற்றுத் தெரிந்துகொள்ள வேண்டிய கலை. கைப்பேசிச் செயலிகள் தரும் அளவுகள் குறை இருக்கக்கூடும் என்று எச்சரிக்கப் பயன்படலாம், இந்த வேலையைச் செய்யா.

கருவி ஒலிபெருக்கி அன்று

முதுமையில் வரும் குறை பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில் தொடங்குகிறது. உயிரொலிகளின் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களில் மிகுதி. ச, த, க போன்ற மெய்யொலிகளை வேறுபடுத்தும் கூறுகள் உயர்ந்த அதிர்வெண்களில் உள்ளன. எனவே குரல் கேட்கிறது, சொல் புரிவதில்லை. படி, கடி, தடி மூன்றும் ஒன்றுபோல் ஒலிக்கும். 'காதில் விழுகிறது, என்ன சொல்கிறாய் என்றுதான் தெரியவில்லை' என்று முதியவர்கள் சொல்வது நடிப்பன்று.

இன்னொன்றும் உண்டு. உட்செவி பழுதுபட்டவருக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் உரத்த ஒலி மற்றவர்களுக்குப் போலவே உரக்கக் கேட்கும். மெதுவாகப் பேசினால் 'என்ன?' என்பார். குரலை உயர்த்தினால் 'ஏன் கத்துகிறாய்?' என்பார். வீட்டார் இதைப் பிடிவாதம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இத்தகைய காதுக்கு எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கும் மலிவான காது மிஷின் துன்பமே தரும். சில நாட்களில் அது மேசை இழுப்பறைக்குப் போய்விடும். அளவுக்கு மீறிய பெருக்கம் எஞ்சியுள்ள செவித்திறனையும் கெடுக்கலாம்.

வல்லுநர் கருவியை ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் தனித்தனியே அமைக்கிறார். மெல்லிய ஒலிக்கு மிகுதியாகவும் உரத்த ஒலிக்குக் குறைவாகவும் பெருக்கம் தருகிறார். காதுத் துளைக்குள் நுண்குழாய் ஒன்றைச் செலுத்தி, செவிப்பறை அருகே ஒலி உண்மையில் எவ்வளவு எட்டுகிறது என்று அளந்து சரிபார்ப்பது சிறந்த முறை. எல்லா மையங்களிலும் இது செய்யப்படுவதில்லை, கேட்டு வாங்கிக்கொள்ளத்தக்கது.

அமெரிக்காவில் 2022 முதல், 18 வயது நிறைந்தவர்கள் தமக்கு லேசான அல்லது மிதமான குறை இருப்பதாக உணர்ந்தால் பரிந்துரையின்றிக் கருவி வாங்க அனுமதி உண்டு. விலையைக் குறைத்துப் பலரை எட்டச் செய்வதே அதன் நோக்கம். அந்நாட்டு விதியும் குழந்தைகளையும் கடுமையான குறை உடையவர்களையும் விலக்கியே வைத்திருக்கிறது.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ மூன்று நாட்களுக்குள்ளோ கேட்காமல் போனால் அது அவசர நிலை. சளி அடைப்பு என்று எண்ணி வாரக்கணக்கில் விட்டுவிட்டால், ஸ்டீராய்டு சிகிச்சை பயன் தரும் காலம் கடந்துவிடும். அன்றே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும். உணர்நரம்பு வகைக் குறை ஒரு காதில் மட்டும் படிப்படியாக வளர்ந்தால், செவி நரம்புக் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். கருவி விற்பதோடு வேலை முடிந்தது என்று கருதும் கடையில் இந்தச் சந்தேகம் எழ வாய்ப்புக் குறைவு.

குழந்தைகளுக்குக் கால எல்லை இன்னும் கறாரானது. பிறந்து 1 மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். உறங்கும் குழந்தையின் உட்செவி எழுப்பும் எதிரொலியையும் மூளைத்தண்டின் மின் அலைகளையும் பதிவுசெய்து இதைக் கண்டறிகிறார்கள். குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை. 'அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்' என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் மொழி கற்கும் பருவத்திலிருந்து கழிகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது.

பதிவை அறிவது எப்படி

இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம், 1992-இன்படி, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் உள்ளவரே கேட்பியல் வல்லுநராகத் தொழில் செய்யலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்றைய கருவி விலைக்கு முன் இந்த அபராதம் ஒரு பொருட்டன்று. ஆகவே சரிபார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் நோயாளியின் மேல்தான் விழுகிறது.

கேட்பியலும் பேச்சு மொழி நோயியலும் சேர்ந்த இளநிலைப் பட்டம், உள்ளிருப்புப் பயிற்சி உட்பட நான்கு ஆண்டுகள் கொண்டது. ஓராண்டுப் பட்டயம் பெற்ற உதவியாளர்களும், கருவி பழுதுபார்த்துக் காது அச்சு செய்யும் தொழில்நுட்பர்களும் உள்ளனர். அவர்கள் பணி பயனுள்ளதே, ஆனால் நோயறிதல் அவர்கள் வேலை அன்று. பதிவேட்டில் எண் இருப்பதோடு, அது எந்த வகையில் பதிவானது என்பதையும் பார்க்க வேண்டும். கழகத்தின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ இட்டுத் தேடலாம். பதிவு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது என்பதால், சுவரில் தொங்கும் பழைய சான்றிதழ் மட்டும் போதாது.

சோதனைத் தாளின் நகலை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த ஆண்டு குறை எவ்வளவு கூடியது என்பதை அதை வைத்தே ஒப்பிட முடியும். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், 2016 இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தவரைச் செவித்திறன் குறைந்தவர் என்றும், 70 டெசிபல் இழந்தவரைக் காது கேளாதவர் என்றும் வரையறுக்கிறது. சான்றிதழுக்கான அளவீடு அரசு மருத்துவமனையில் புதிதாக எடுக்கப்படும்.